பெயரால் உலோகம், பண்பால் அலோகம்

‘இயம்’ என்று முடியும் தனிமங்கள் யாவும் உலோகங்களே என எழுதித் தேர்வில் மதிப்பெண் இழந்தவன் நான். சோடியம், கால்சியம் வரிசையில் ஹீலியத்தையும் சேர்த்துவிட்டேன். பின்னர் மயிலாப்பூரில் ஒரு நூலகத்தில் நார்மன் லாக்யரின் வாழ்க்கையைப் படித்தபோதுதான், அந்தப் பிழையில் எனக்கு ஒரு மேதை துணை என்று அறிந்தேன்.

1836-இல் இங்கிலாந்தின் ரக்பி நகரில் பிறந்த லாக்யர், போர்த்துறை அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். ஓய்வு நேரமெல்லாம் வானாராய்ச்சிதான்.

1868 ஆகஸ்டு 18-இல் தென்னாட்டில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் நம் நுங்கம்பாக்கம் வானாய்வகத்துப் போக்சனும் சூரியனின் நிறமாலையை ஆராய்ந்தனர். அக்டோபரில் லாக்யர், கிரகணம் இல்லாமலே சூரிய விளிம்பை ஆராய்ந்து ஒரு மஞ்சள் கோட்டைக் கண்டார். அது சோடியத்தின் கோடுகளுக்கு அருகில் இருந்தது. ஆனால் சோடியத்திற்கு உரியதன்று. மண்ணில் எவரும் காணாத தனிமம் அது என்று துணிந்தார். உலோகம் என்றே கருதி ஹீலியம் எனப் பெயரிட்டார். பலர் ஐயுற்றனர், அவர் கலங்கவில்லை. 1869-இல் ‘நேச்சர்’ இதழைத் தொடங்கி அரை நூற்றாண்டு நடத்தினார்.

1895-இல் ராம்சே யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து ஹீலியத்தைப் பிரித்தெடுத்தார். வந்ததோ வாயு! பளபளப்பு இல்லை, எலெக்ட்ரானை விட மறுப்பதில் தனிமங்களுள் அதற்கே முதலிடம். ஐயமற அலோகம்.

லாக்யர் 1920-இல் மறைந்தார். பெயர் மட்டும் மாறவில்லை. செலினியமும் அலோகமே, ஜெர்மானியமோ இரண்டுக்கும் இடைப்பட்ட உலோகப்போலி.

நண்பர்களே, தனிமத்தைப் பண்பால் அறிவோம், பெயரால் அன்று. லாக்யர் வகையில் தவறினார், உண்மையில் தவறவில்லை. நானோ மதிப்பெண்ணில் தவறி, அவரைக் கண்டுகொண்டேன்.