எட்டாண்டு காத்திருந்த அரசி

திண்டுக்கல் என்றதும் வெளியூர்த் தோழியர்க்குப் பூட்டு நினைவுக்கு வரும். மலைக்கோட்டை நினைவுக்கு வரும். ஆனால் கணவரை இழந்த ஓர் அரசி, தம் மகளுடன் இந்த வட்டாரத்தில் அடைக்கலம் புகுந்து, எட்டாண்டுகள் காத்திருந்து, பறிபோன நாட்டை மீட்டார் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்? அவர்தாம் சிவகங்கைச் சீமையின் வீரமங்கை வேலுநாச்சியார்.

வேலுநாச்சியார் 1730-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மன்னர் செல்லமுத்து சேதுபதியின் ஒரே மகளாகப் பிறந்தார். ஆண்பிள்ளை இல்லையே என்று பெற்றோர் அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. வளரி வீசவும், சிலம்பம் சுற்றவும், குதிரை ஏறவும், வில் எய்யவும் கற்பித்தார்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, உருது மொழிகளையும் அவர் கற்றார். அந்த உருது பின்னாளில் ஒரு நாட்டையே மீட்கத் துணை நிற்கும் என்று அப்போது யார் அறிவார்? பதினாறாம் வயதில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதருக்கு மனைவியானார்.

அந்நாளில் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, ஆங்கிலேயக் கம்பெனிக்குப் பெருங்கடன் பட்டிருந்தார். கடனை அடைக்கப் பாளையங்களிடமும் சீமைகளிடமும் கப்பம் கேட்டார். கொடுக்க மறுத்தவர்மேல் கம்பெனியின் படையே ஏவப்பட்டது. படை வந்த செலவும் கடனோடு சேர்ந்தது! இவ்வாறு நவாபின் பெயரால் நடந்த ஆட்சி, சிறிது சிறிதாகக் கம்பெனியின் கைக்கு மாறியது. ஆட்சி மாற்றம் என்றால் போர்க்களத்தில்தான் நடக்கும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். கணக்குப் புத்தகத்திலும் அது நடக்கும் என்பதை இந்த வரலாற்றில்தான் கண்டோம்.

1772-இல் காளையார்கோவில் தாக்கப்பட்டது. முத்துவடுகநாதர் வீழ்ந்தார். துயரில் மூழ்கிக் கிடக்க அரசிக்கு நேரம் ஏது? மகள் வெள்ளச்சியுடன் தப்பினார். ஒட்டன்சத்திரத்தை அடுத்த விருப்பாட்சியின் பாளையக்காரர் கோபால நாயக்கர் அவருக்குப் புகலிடம் தந்தார். அமைச்சர் தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரர்களும் அரசிக்குத் துணை நின்றனர்.

அப்போது திண்டுக்கல் கோட்டை மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் வசம் இருந்தது. ஐயாயிரம் காலாட்படையும் ஐயாயிரம் குதிரைப்படையும் வேண்டும் என்று தாண்டவராய பிள்ளை அரசியின் சார்பில் அவருக்குக் கடிதம் எழுதினார். அரசியும் தம் நாட்டுக்கு நேர்ந்த அநீதியை உருது மொழியிலேயே எடுத்துரைத்தார். கோட்டையிலிருந்து உதவி செய்யுமாறு ஹைதர் ஆணையிட்டார். தமிழ் பேசிய அரசி, தெலுங்கு மரபில் வந்த பாளையக்காரர், இஸ்லாமியரான மைசூர் ஆட்சியாளர்! மூவரும் ஒன்றுபட மொழியும் மதமும் தடையாகவில்லை என்பது நாம் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி.

அரசி பெண்களுக்கென ஒரு படையும் அமைத்தார். உளவு சொல்ல மறுத்து உயிர்விட்ட உடையாள் என்னும் ஆடு மேய்க்கும் பெண்ணின் பெயரையே அப்படைக்குச் சூட்டினார். அதன் தலைவி குயிலி, தம் உடலில் தீ மூட்டிக்கொண்டு பகைவரின் ஆயுதக் கிடங்கில் பாய்ந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு.

1780-இல் காலம் கனிந்தது. ஹைதர் கர்நாடகத்தின்மேல் படையெடுக்க, கம்பெனியின் கவனம் அங்கே திரும்பியது. அவ்வாண்டில் அரசி சிவகங்கையை மீட்டு முடிசூடினார். வீரம் மட்டும் போதாது. பொறுமையும், நட்பும், காலம் அறிதலும் வேண்டும் என்பதற்கு அவரே சான்று. 1796-இல் அவர் மறைந்தார்.

இக்கதையை வகுப்பில் பேசியபோது எங்களுள் ஒரு வாக்குவாதம் எழுந்தது. அவர் செய்தது புரட்சியா, அல்லது பழைய அரியணையை மீட்டதுதானா? சிலர் புரட்சி என்றோம். சிலர் இல்லை என்றோம். பின்னர் நடந்தவற்றைப் பார்த்தபோது ஒரு தெளிவு பிறந்தது. 1792-இல் திண்டுக்கல் கம்பெனிக்குப் போயிற்று. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். துணைகள் ஒவ்வொன்றாக முறிந்தன. கோபால நாயக்கர் மணப்பாறை, தேவதானப்பட்டிப் பாளையக்காரர்களைச் சேர்த்துத் திண்டுக்கல் கூட்டமைப்பை உருவாக்கிப் போரிட்டார், 1801-இல் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டில் மருது சகோதரர்களும் திருப்பத்தூரில் தூக்குமேடை ஏறினார்கள். கர்நாடக ஆட்சியும் அவ்வாண்டே கம்பெனியிடம் சென்றது.

அரியணையை மீட்டவர் மறைந்தால், அரியணை மீண்டும் பறிபோகலாம். மக்கள் அனைவரும் பங்குபெறும் ஆட்சியை அவ்வளவு எளிதில் பறிக்க முடியாது. அந்த ஆட்சி வரப் பல தலைமுறை ஆயிற்று. சென்னை மாகாணத்தில் 1921-இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. ஆனால் சொத்தும் வரியும் உடையோர்க்கே அது பயன்பட்டது. விடுதலைக்குப் பின்னரே அரசிக்கும் ஆடு மேய்க்கும் உடையாளுக்கும் ஒரே மதிப்புள்ள வாக்கு என்னும் நிலை வந்தது. அரசி வாளால் தேடிய மாற்றத்தை இன்று நாம் வாக்குச் சீட்டால் அமைதியாகவே செய்யலாம்.

அன்புத் தோழியரே! இன்னும் மூன்றாண்டுகளில் நம் விரல்களிலும் மை வைக்கப்படும். அதுவரை நாமும் காத்திருப்போம். ஆனால் வெறுமனே அல்ல. விருப்பாட்சியில் அரசி எட்டாண்டும் எவ்வாறு காத்திருந்தாரோ, அவ்வாறே கற்றும், நட்பைச் சேர்த்தும், நம்மை ஆயத்தம் செய்தும் காத்திருப்போம். அடுத்த முறை மலைக்கோட்டைப் படிகளில் ஏறும்போது, ஒரு நிமிடம் நின்று அவரையும் எண்ணிப் பார்ப்போம்.

வாழ்க வீரமங்கையின் புகழ்!