கரணம் பயிற்றிய கணக்காயர்

கரணம் என்னும் சொல்லுக்கு நூலோர் பல பொருள் கூறுவர். மனம் முதலிய அகக்கருவிகளைக் கரணம் என்பது தத்துவ நூல் வழக்கு. மணச் சடங்கைக் கரணம் என்றார் தொல்காப்பியர். ஆடல் நூலார் 108 கரணங்களை வகுத்தனர். எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சிறுவர் அறிந்த கரணமோ ஒன்றே. தலை கீழாகக் கால் மேலாக உருண்டு எழுவதே அது. லயத்து வாசலிலும், கொழுந்து மடுவத்தின் பின்புறத்துப் புல்தரையிலும், எவரும் கற்பியாமலே அதனை அவர்கள் கற்றுக்கொள்கின்றனர்.

அதே கரணத்தைச் சீருடற்பயிற்சி என்று பெயரிட்டுப் பள்ளி முற்றத்திற்கு அழைத்தால் வருவாரைக் காணோம். ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பக்கத்துப் பள்ளிகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்காக உடற்பயிற்சிக் கண்காட்சி பழக்குங் காலத்தில் இதனைக் கண்கூடாகக் காணலாம். 12 வயது கடந்த ஆண் பிள்ளை அவ்வரிசையில் நிற்கக் கூசுகின்றான். அது பெண் பிள்ளைகளின் ஆட்டம் என்பது அவன் எண்ணம். ஆயின் மாசி மாதத்தில் தோட்டத்துக் காமன் கூத்து நிகழும்போது, சேலை உடுத்து ரதியாக ஆடும் ஆடவனைக் கண்டு அவன் நகைப்பதில்லை. தனக்கும் அவ்வேடம் கிட்டாதா என்று ஏங்குகின்றான். ஆகவே குறை கலையில் இல்லை. நாம் அழைக்கும் முறையிலேதான் உளது.

இக்குறையை எண்ணுந்தோறும் என் நினைவில் எழுபவர் தலைச்சேரி கீலேரி குஞ்ஞிக்கண்ணன். கேரள சர்க்கஸின் தந்தை என்று அவரை உலகம் போற்றும். யான் அவரைப் போற்றுவது அதனாலன்று. ஊர்ப் பள்ளியொன்றில் உடற்பயிற்சி கற்பித்த ஆசிரியர் அவர். ஆண் பிள்ளைகளைக் கரணத்தின்பால் ஈர்த்து, சிறு கடற்கரை நகர் ஒன்றையே அக்கலைக்குத் தாய்வீடாக்கியவர். அஃது எங்ஙனம் கைகூடிற்று?

குஞ்ஞிக்கண்ணன் பிறந்தது 1850களில். வட மலபார் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்தது. 1805ஆம் ஆண்டில் பழசி அரசர் வீழ்ந்தபின், மலபாரில் படைக்கலம் ஏந்துவதை வெள்ளையர் ஆட்சி ஒடுக்கிற்று. அதனால் களரிகள் பல ஒளி குன்றின. எனினும் மெய்ப்பயிற்சி முற்றும் அழியவில்லை. எண்ணெய் தேய்த்து, உடலை வில்லென வளைத்து, நிலத்தினின்று எழும்பிப் பாயும் அப்பயிற்சியில் இளமையிலேயே தேர்ந்தவர் நம் ஆசான்.

களரி என்பது நமக்கும் அயற்சொல் அன்று. மட்டக்களப்பார் தம் கூத்து நிகழும் வட்ட அரங்கைக் களரி என்றே வழங்குவர். மலபாரில் போர் பயிலுமிடம். மட்டக்களப்பில் கூத்து ஆடுமிடம். இவ்விரு பொருளும் ஒருவர் வாழ்விலேயே ஒன்றுபட்டமைக்குக் குஞ்ஞிக்கண்ணன் வரலாறே சான்று.

களரி ஒன்றே அவருக்கு முதல் அன்று. சுவிட்சர்லாந்து தேசத்துப் பாசல் நகரை இருப்பிடமாகக் கொண்ட கிறித்தவ மிஷன் தலைச்சேரியில் வேரூன்றியிருந்தது. மலையாள அகராதி தந்த குண்டர்ட் அதன் வழி வந்தவரே. அம்மிஷன் பள்ளியில்தான் குஞ்ஞிக்கண்ணன் உடற்பயிற்சி ஆசிரியராகப் பணியாற்றினார். ஜெர்மானியப் பயிற்சி முறையின் தந்தையான ஃபிரெடரிக் யான் என்பார், 1811இல் பெர்லின் நகரின் புறத்தே திறந்த வெளியில் இளைஞரைக் கூட்டி, இணைக்கட்டை, குறுக்குக்கட்டை முதலியவற்றில் பழக்கினார். ஐரோப்பியப் பள்ளிகளில் வளர்ந்த உடற்பயிற்சிக்கு அதுவே பெரிய ஊற்று. களரியின் நெகிழ்வும் மேலைநாட்டாரின் ஒழுங்கும் தலைச்சேரி ஆசிரியர் ஒருவர் கையில் சேர்ந்தன. இது நல்லூழ் என்றே கூறவேண்டும்.

இனிச் சர்க்கஸ் வந்த கதை. 1879ஆம் ஆண்டளவில் கியாரினி என்னும் இத்தாலியர் தம் குழுவுடன் பம்பாய்க்கு வந்தார். அக்காட்சியைக் கண்டு ஊக்கமுற்ற விஷ்ணுபந்த் சத்ரே, குருந்த்வாட் அரசரிடம் குதிரைப் பயிற்சியாளராக விளங்கிய மராட்டியர், 1880 மார்ச்சு 20ஆம் நாள் இந்தியரின் முதல் சர்க்கஸை அரங்கேற்றினார். குதிரை ஏற்றத்தில் அவருக்கு நிகரில்லை. ஆயின் சர்க்கஸ் குதிரையால் மட்டும் நிற்பதன்று. பாய்வோர், உருள்வோர், தோள்மேல் தோள் ஏறுவோர் வேண்டும். 1880களின் பிற்பகுதியில் தலைச்சேரிக்கு வந்த சத்ரே அங்கே குஞ்ஞிக்கண்ணனைக் கண்டார். இவர் பிள்ளைகளைப் பயிற்றுவது, அவர் அவர்களுக்குத் தொழில் தருவது என்று இருவரும் உடன்பட்டனர்.

அன்று தொடங்கிய பயிற்சி 1901இல் தலைச்சேரியை அடுத்த சிறக்கரையில் ஒரு முழுமையான சர்க்கஸ் பயிற்சிக் கூடமாக உருப்பெற்றது. மூன்றே ஆண்டில், 1904இல், அவர்தம் மாணாக்கர் பரியாளி கண்ணன் மலபார் கிராண்ட் சர்க்கஸ் என்னும் சொந்தக் குழுவை அமைத்தார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயினும் வழி திறந்துவிட்டது. வைட்வே, கிரேட் ரேமன் எனத் தலைச்சேரியார் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. வடநாட்டுக் கூடாரங்களிலும் மலையாளப் பேச்சு ஒலிக்கலாயிற்று.

கரணம் கற்பிக்கும் முறையைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். பலரும் அதனை வெறும் துணிவு என்று கருதுகின்றனர். முதற்பாடம் விழக் கற்றல். மோவாயை மார்போடு ஒட்டி, முதுகைச் சகடம்போல் வளைத்து, உச்சந்தலை தரையிற் படாமல் தோளின்மேல் உருள வேண்டும். அதன்பின் கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்றல். அதன்பின் பக்கவாட்டிற் சுழலுதல். நெடுநாட் பழக்கத்தின் பின்னரே கை தரை தொடாமல் வானில் சுழன்று இறங்குதல். இப்படிகளில் ஒன்றைத் தாண்டினாலும் கழுத்துக்கு ஏதம் வரும். மாணவன் பாயுந்தோறும் அவன் இடுப்பருகே ஆசிரியரின் கை காத்து நிற்க வேண்டும். அக்கை எப்போது விலக வேண்டும் என்று அறிவதே இக்கலையில் ஆசிரியத் தொழில். முந்தி விலகின் பிள்ளை விழுவான். பிந்தி விலகின் அவன் ஒருபோதும் தானாகப் பாயான். இலக்கணம் கற்பிக்கும் எனக்கும் இது பொருந்தும்.

பிள்ளைகள் அவரிடம் திரண்டமைக்குக் காரணம் தேடின், பறையறைந்து அழைத்தமை அன்று என்பது புலனாகும். அவர் பள்ளி ஆசிரியர், ஊரார் நன்கறிந்தவர். மகனைக் கூத்தாடியிடம் விடுகின்றோம் என்றன்றி ஆசானிடம் விடுகின்றோம் என்று தாய் தந்தையர் எண்ண இடமிருந்தது. களரியின் மதிப்பும் அப்பயிற்சிக்கு நிழல் தந்தது. யாவற்றினும் மேலாக, கற்ற பிள்ளைக்குச் சோறு கிட்டிற்று. பிறப்பினால் தாழ்த்தப்பட்டு, வேறு கதவுகள் அடைபட்டிருந்த குடும்பத்துச் சிறுவர் பலர் அவ்வழியே உலகைக் கண்டனர். அவர் மாணாக்கர் ஒருவர் கண்ணன் பொம்பாயோ என்னும் பெயர் பூண்டு, கயிற்றின்மேல் துள்ளிக் கரணமடிக்கும் வித்தையால் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் வியப்பித்தார். தலைச்சேரிக் கண்ணனுக்குப் பம்பாயின் பெயர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். சர்க்கஸ் விளம்பரத்துக்கு நிலநூல் தெரியாது.

கயிறாடுதல் தமிழருக்குப் புதிதன்று. குறுந்தொகையின் ஏழாம் பாட்டிலே, வாகை நெற்றுக் காற்றில் ஒலிப்பதற்குக் கயிறாடும் ஆரியரின் பறையொலியை உவமை கூறினார் பெரும்பதுமனார். புலவர் மதித்து உவமையாக்கியதைப் பிற்காலத்தார் தெருவில் நிறுத்திக் காசு எறிந்தனர். கழைக்கூத்தாடி என்பது வசையாயிற்று. அவ்வசையை மாற்ற ஒரு கூடமும் ஒரு வாத்தியாரும் வேண்டியிருந்தனர்.

பெண்களின் ஆட்டம் என்று எம் மாணவர் கூறுவதற்கும் இங்கே ஒரு விடை உண்டு. மேலைநாட்டில் சியர்லீடிங் என்று வழங்கும் ஆரவாரக் கலை, ஆட்டக்காரரை ஊக்குவிக்கக் குழுவாகக் கூவியும் உருண்டும் தோளேறியும் நிகழ்த்துவது. 1898இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஜானி காம்பெல் என்னும் மாணவர் அதனைத் தொடங்கினார். கால் நூற்றாண்டு அது ஆண்கள் கையிலேயே இருந்தது. பெண்கள் 1920களில்தான் சேர்ந்தனர். இலங்கையிலிருந்து சீருடற்பயிற்சியில் ஒலிம்பிக் சென்ற முதல்வர் மில்கா கெஹானி என்னும் பெண். 2021இல் டோக்கியோவில் அவர் ஆடினார். நம் ஆண் பிள்ளைகள் இதனைக் கண்டு பின்வாங்குவானேன்?

குஞ்ஞிக்கண்ணன் திறந்த வழிக்கு இருண்ட பக்கமும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. இளம் எலும்பு எளிதில் வளையும் என்பதால் சர்க்கஸ் குழந்தைகளையே நாடிற்று. பிற்காலக் கூடாரங்கள் வறிய பெற்றோரிடம் முற்பணம் தந்து ஒப்பந்தம் எழுதிப் பிள்ளைகளைக் கொண்டு சென்றன. பள்ளி அவர்களுக்கு எட்டாததாயிற்று. 2011 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் குழந்தைகளை அமர்த்துவதைத் தடை செய்யுமாறு பணித்தது. மலைநாட்டில் வாழும் நமக்கு முற்பணத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. கங்காணியின் துண்டுச் சீட்டில் நம் முன்னோரின் கடன் எழுதப்பட்டுத் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறிற்று. 1921ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அம்முறை நீடித்தது. கொழும்பு வீடுகளுக்கும் கடைகளுக்கும் வேலைக்கென அனுப்பப்பட்ட தோட்டத்துப் பிள்ளைகளின் கதையும் நாம் அறிந்ததே. ஆதலின் கரணம் என்றவுடன் பிள்ளையைப் பற்றிக்கொள்ளும் தாயை யான் பழியேன். கை முறிந்தால் நாட்கூலி போய்விடும் என்று அவள் அஞ்சுவதும் வீண் அச்சம் அன்று.

அவளுக்கு யான் கூறுவது சிறக்கரைக்கு முந்திய குஞ்ஞிக்கண்ணனை. கூடாரத்துக்கு ஆள் சேர்க்கும் முன் அவர் பள்ளி முற்றத்து ஆசிரியர். அங்கே கரணமடித்த பிள்ளை அந்தியில் வீடு திரும்பினான். நம் பள்ளிகளுக்கு வேண்டுவது அந்த முற்றமே. தடித்த மெத்தை இரண்டும் முறையாகப் பயின்ற ஆசிரியர் ஒருவரும் போதும். மழைநாளில் உருள்வதற்கு ஒரு கூரையும் இருந்தால் நன்று. எங்கள் பக்கத்தில் மழை அடிக்கடி வரும் விருந்து. காமன் கூத்தில் ஆடும் இளைஞரையே முதலில் அழைத்துவந்து முன்வரிசையில் நிறுத்தினால், சிறுவர் தாமே பின்தொடர்வர் என்பது என் துணிபு.

குஞ்ஞிக்கண்ணன் 1939இல் மறைந்தார். அவர்தம் மாணாக்கர் எம். கே. ராமன் தலைச்சேரியில் ஆசான் பெயராலேயே பயிற்சிக் கூடம் நடத்திப் பல்லாண்டு கரணம் கற்பித்தார். 2010இல் கேரள அரசு அந்நகரில் தொடங்கிய சர்க்கஸ் கல்விக்கூடம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. வாத்தியார் என்னும் பட்டம் மட்டும் அவர் பெயரோடு இன்றும் ஒட்டியிருக்கின்றது. தலைச்சேரியார் அவரைக் குறிப்பது கீலேரி குஞ்ஞிக்கண்ணன் டீச்சர் என்றே.