கற்றதை வழங்கிய பேரறிஞர் முத்தமிழ் வித்தகர் சுவாமி விபுலாநந்தர்

நூல்களைக் கற்றோர் பலர். கற்ற கல்வி எதற்காக என்பதை உணர்ந்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவராகக் கிழக்கிலங்கை மண்ணில் தோன்றிய பெருமகன் சுவாமி விபுலாநந்தர்.

மட்டக்களப்புக்குத் தெற்கேயுள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டு பங்குனித் திங்களில் சாமித்தம்பி, கண்ணம்மையார் தம்பதியரின் மகனாக அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். கல்முனையிலும் மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். 1916ஆம் ஆண்டில் கொழும்பில் விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பட்டமும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்றார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியுமானார். தமிழா விஞ்ஞானமா என்று பிரித்துப் பாராமல், நல்லறிவு எங்கிருந்தாலும் தேடிப் பெற்றமை அவரது முதற் சிறப்பாகும்.

1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். பதவியும் புகழும் ஊதியமும் ஒருங்கே வாய்த்த காலம் அது. இல்லறம் புகுந்து வசதியாக வாழ எத்தடையும் இருக்கவில்லை. எனினும் 1922இல் அனைத்தையும் விடுத்துச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். எதைப் பற்றுவது, எதை விடுவது என்று தெளிவதே அறிவின் பயன் என்பதற்கு இச்செயல் சான்றாகும்.

துறவு பூண்டவர் மக்களை மறக்கவில்லை. ஈழம் திரும்பி, மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் மிஷன் பாடசாலைகளை வளர்த்தார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் திறக்கப்பட்டது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பகலில் பட்டதாரி மாணவர்க்குப் போதித்த அப்பெரியார், மாலையில் அயலிலுள்ள சேரிகளுக்குச் சென்று ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பண்டிதர் பலர் பாரதியாரை மதியாதிருந்த நாளில், அவரது கவிதையின் உயர்வைத் துணிந்து எடுத்துரைத்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தார்.

வழக்கொழிந்த பண்டைய யாழ்களின் இலக்கணத்தை மீட்பதற்கு ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் உழைத்தார். சிலப்பதிகார அரங்கேற்று காதையைத் துணையாகக் கொண்டு, இளமையில் கற்ற கணிதத்தையும் பௌதிகத்தையும் தமிழிசைக்குப் பயன்படுத்தினார். இவ்வாறு உருவான யாழ்நூல், 1947ஆம் ஆண்டு ஆனி மாதத் தொடக்கத்தை அண்டிய நாட்களில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்ச் சிவாலயத்தில் அரங்கேறியது. உடல்நலம் குன்றியிருந்தும் சுவாமிகள் அங்கு எழுந்தருளினார். அவர் கணித்தவாறு செய்த யாழ்கள் அச்சந்நிதியில் மீண்டும் ஒலித்தன.

எடுத்த பணி நிறைவேறிய சில வாரங்களில், 1947 யூலை 19ஆம் நாள் சுவாமிகள் இறைவனடி சேர்ந்தார். அவரது திருமேனி, பிள்ளைகளின் குரல் ஒலிக்கும் சிவானந்த வித்தியாலய வளாகத்திலேயே சமாதி வைக்கப்பட்டது.

ஓயாது கற்றல், பற்று நீங்கல், எளியோரிடம் இறங்கிச் செல்லல், எடுத்த பணியில் தளராமை ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தமையால் அவர் பேரறிஞரானார். ஆலயத்தில் வித்தியாரம்பம் செய்விக்கப்படும் ஒவ்வொரு பிள்ளையும் இந்நற்பண்புகளையும் பெற்று வளர எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பாராக.