பொருளியல் அறிஞர் அண்ணல் அம்பேத்கர்

ஒரு நாடு செல்வத்தில் உயர்வதும் தாழ்வதும் எதனால்? மண்வளம், நீர்வளம், கனிவளம், மூலதனம், இயந்திரம், நல்லாட்சி என்று பாடநூல்கள் வரிசைப்படுத்திக் கூறும். இவை யாவும் வேண்டுவனவே. ஆனால் இவற்றைக் கையாள வேண்டிய மனிதனைப் பிறப்பின் பெயரால் ஓரிடத்தில் கட்டி வைத்துவிட்டால் அந்நாடு எங்ஙனம் முன்னேறும்? இவ்வினாவை அழுத்தமாக எழுப்பியவர் டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர். அரசியல் சட்ட மேதை என்று அவரை உலகம் அறியும். விடுதலை வழங்கிய தலைவர் என்று நாம் போற்றுகிறோம். அவர் முதன்மையாகப் பயின்ற துறை பொருளியலே என்பதைப் பலர் அறியார். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் அவர் வாழ்வின் அந்தப் பகுதியை நினைவுகூர்வது பொருத்தமாகும்.

பிறப்பும் கல்வியும்

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் என்னும் படைவீட்டு நகரில், சுபேதார் ராம்ஜி சக்பாலுக்கும் பீமாபாய்க்கும் பதினான்காம் குழந்தையாக அண்ணல் பிறந்தார். அதே 1891இல்தான், பூவிருந்தவல்லியும் அம்பத்தூரும் ஆவடியும் அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரெமென்கீர், நம் முன்னோரின் நிலமற்ற நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது அதுவே. உழுதவர் ஒருவர், உரிமையாளர் வேறொருவர் என்ற அந்த நாளைய நிலையை எண்ணிப் பார்த்தால்தான் அண்ணலின் சிந்தனை எங்கிருந்து முளைத்தது என்பது விளங்கும்.

பள்ளியில் தனியே அமர்த்தப்பட்டு, தண்ணீர்ப் பானையைத் தொடவும் உரிமையின்றிப் பயின்ற அச்சிறுவர், 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பின்னர் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் கற்றுப் பட்டம் பெற்றார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் வழங்கிய உதவித்தொகையால் 1913இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்று, 1916இல் இலண்டன் பொருளியல் பள்ளியை அடைந்தார்.

உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் தாயகம் திரும்பிப் பரோடா அரசில் பணியேற்றார். ஆங்கு நடந்தது யாது? கடைநிலை ஊழியரும் தீட்டுக்கு அஞ்சிக் கோப்புகளை அவர் மேசைமீது வீசி எறிந்தனர். தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்தும் அவர் வெளியேற்றப்பட்டார். மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் உகுத்துப் பம்பாய்க்குத் திரும்பினார். இதனைத் தனி மனிதர் ஒருவரின் துயரம் என்று மட்டும் கொள்ளலாகாது. ஓர் அரசு தன் கருவூலத்துப் பணத்தைச் செலவிட்டு ஓர் அறிஞரை உருவாக்கியது. அச்செலவின் பயனைச் சாதி சில நாட்களில் அழித்தது. நாட்டின் வளர்ச்சிக்குத் தடை யாது என்பதற்கு இதனினும் தெளிவான கணக்கு வேண்டுமோ?

நிலமும் தொழிலும்

1918இல் சிறு நில உடைமைகளைப் பற்றி அவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நிலங்கள் துண்டு துண்டாகச் சிதறியிருப்பதே உழவின் தாழ்வுக்குக் காரணம் என்றும், அவற்றை இணைத்துவிட்டால் போதும் என்றும் அந்நாளில் பலர் கருதினர். அண்ணல் அதனை மறுத்தார். நிலத்தின் பரப்பைக் கொண்டு மட்டும் அதன் பயனை அளக்க முடியாது. ஏர், மாடு, கருவி, முதல் ஆகியவை போதிய அளவில் இல்லாதபோது சிறு நிலமும் பெரிதே. நோயின் வேர் வேறிடத்தில் இருந்தது. நிலத்தை நம்பி வேண்டியதற்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். அவர்கள் உழைப்பு வேலையின்றி வீணானது. உண்டதுபோக மூலதனமாகச் சேர எதுவும் எஞ்சவில்லை. ஆகவே அம்மக்களை ஈர்த்துக்கொள்ளும் ஆலைத்தொழில் வளர வேண்டும். அது வளர்ந்தால் உழவும் சீர்படும் என்று நிறுவினார்.

சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக ஊதியம் ஈட்டிச் சேமித்து, கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசரின் உதவியும் பெற்று, 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். ரூபாயின் சிக்கல் குறித்த ஆய்வுக்காக 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். ரூபாயின் மதிப்பு வீழ்ந்தால் வணிகர் ஆதாயம் பெறுவர். விலைவாசி ஏறும் வேகத்தில் கூலி ஏறாது. ஆதலின் அந்த ஆதாயம் உழைப்பாளியின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டதே என்று அந்நூலில் விளக்கினார். 1925இல் மாகாண நிதியின் வளர்ச்சி பற்றிய நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் நாணயம் பற்றிய அரச ஆணையத்தின் முன் சான்றளித்தார்.

சாதியும் உழைப்பும்

சாதி என்பது வேலைப் பங்கீடு, அதனால் தொழில் திறம் வளரும் என்று வாதிட்டோர்க்கு 1936இல் அவர் விடையிறுத்தார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை; வேலை செய்வோரையே ஒருவரோடொருவர் ஒட்டாத படிகளாகப் பிரித்தது. ஒரு தொழில் நலிந்தால் வேறு தொழிலுக்கு மாற இடம் தராமையால் வேலையின்மைக்கும் அதுவே காரணமாகிறது. விருப்பமும் திறமையும் அற்ற வேலையில் பிறப்பால் தள்ளப்பட்டவன் அவ்வேலையில் எங்ஙனம் உள்ளம் வைப்பான்? இவ்வாறு பொருளியல் நோக்கிலும் சாதி தீங்கானதே என்று காட்டினார்.

எழுத்தோடு அவர் நின்றாரில்லை. 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1937இல் கொங்கணத்துக் கோத்தி நிலமுறையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் மசோதா கொணர்ந்தார். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக அவையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தார். அக்காலத்தில், 1944இல், நம் சென்னைக்கும் வந்து உரையாற்றினார். ஆலைத் தொழிலாளரின் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைந்த 1946ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்திற்கு அவரே வழிவகுத்தார். மின்சாரம் மலிவாகவும் மிகுதியாகவும் கிடைத்தாலன்றித் தொழில் பெருகாது என்பதை உணர்ந்து, தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்திற்கு அடித்தளம் இட்டார். மத்திய நீர்வழி ஆணையம் 1945இல் அவர் துறையின்கீழ் தோன்றியது.

1947இல் அளித்த திட்டத்தில், அடிப்படைத் தொழில்களும் காப்பீடும் வேளாண்மையும் அரசின் உடைமையாக வேண்டும் என்றார். 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், வாக்கில் சமத்துவமும் வாழ்வில் ஏற்றத்தாழ்வும் நெடுங்காலம் உடன் நிற்க முடியா என எச்சரித்தார். 1956 டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார். 1990இல் நாடு அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கியது.

நம் பகுதிக்கு உரிய பாடம்

அவர் 1918இல் எழுதியது நம் கண்முன் நடந்தேறியது. 1949இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை தொடங்கியது. 1955இல் ஆவடிக் காங்கிரசு சமதர்மப் பாங்கான சமுதாயத்தைக் குறிக்கோளாக அறிவித்தது. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. 1965இல் ஆவடியிலிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. ஏரிப் பாசனத்தை நம்பிக் கூலிக்கு நின்ற குடும்பங்களிலிருந்து கடைசல் இயந்திரம் இயக்குவோரும் பற்றவைப்போரும் தோன்றினர். நிலம் தராத மதிப்பைத் தொழில் தந்தது.

எனினும் ஆலை வந்தால் மட்டும் சாதி அகலாது. இயந்திரத்தின் அருகில் ஒருவன் நிற்க, அதே வளாகத்தின் கழிவுநீர்த் தொட்டிக்குள் பழைய வழக்கப்படி நம் மகனே இறக்கப்படுவானாயின், ஊரின் பிரிவினை ஆலைக்குள்ளும் புகுந்துவிட்டது என்றே பொருள். 2013இல் அதனைத் தடுக்கச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் உயிர்கள் பலியாயின. தனியார் ஆலைகளில் இட ஒதுக்கீடும் இல்லை. எனவே அரசு சட்டத்தை உறுதியுடன் செயற்படுத்த வேண்டும். நாம் தொழிற்கல்வியைக் கைவிடாது பற்ற வேண்டும்.

மாணவச் செல்வங்களே! அண்ணலின் படத்திற்கு மாலையிடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கிடைத்த கூலிக்கு ஓடாதீர்கள். கணக்கையும் அறிவியலையும் அஞ்சாது கற்றுத் திறன்மிக்க பணிகளில் அமருங்கள். தொழில் நடத்தவும் துணியுங்கள். உங்கள் ஒவ்வொருவரின் உயர்வும் நாட்டின் செல்வத்தில் ஏறும் வரவு ஆகும். அவ்வரவைப் பெருக்க நம் சங்கம் இன்னும் பல்லாண்டு தொண்டாற்றுக!