செல்லாத பத்திரத்துல ஒரு கையெழுத்து

பழைய நாணயம், தபால்தலை சேர்க்கிறவங்களை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மூடிப்போன சுரங்கக் கம்பெனிகளோட பங்குப் பத்திரங்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவங்களும் இருக்காங்க, தெரியுமா? கம்பெனியே இல்லை, பங்கோட மதிப்பு பூஜ்யம். ஆனாலும் அந்தக் காகிதத்துக்கு விலை உண்டு. அதன் வயசு, அச்சுச் சித்திரம், எல்லாத்துக்கும் மேல அடியில இருக்கிற கையெழுத்து, இதையெல்லாம் பார்த்துத்தான் விலை. தாமஸ் ஆல்வா எடிசன் கையெழுத்துன்னா விலை எங்கேயோ போயிடும்.

பல்பு எடிசனுக்கும் சுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? நம்ம பாடப்புத்தகம் தாண்டிப் போயிட்ட கதை அது.

எடிசன் 1847-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், மிலன் என்ற ஊரில் பிறந்தார். ரயிலில் செய்தித்தாள் விற்றார், பிறகு தந்தி ஆபரேட்டர் ஆனார். காது சரியாகக் கேட்காது. பங்கு விலையை அச்சடிக்கும் டிக்கர் கருவியை மேம்படுத்தியதுதான் அவருக்கு முதல் பெரிய பணத்தைக் கொடுத்தது. 1877-இல் போனோகிராஃப், 1879-இல் பல்பு, 1882-இல் நியூயார்க் பேர்ல் தெரு மின்நிலையம். ஒரு மனுஷனுக்கு இதுவே போதும் இல்லையா? அவருக்குப் போதலை.

நியூஜெர்சி மலைகளில் தரம் குறைந்த இரும்புத்தாது நிறைய இருந்தது. பாறையைப் பொடியாக்கி காந்தத்துக்குப் பக்கத்தில் கொட்டினால், இரும்பு ஒரு பக்கம் இழுபடும், மண் நேரே விழும். ஐடியா சிம்பிள்தான். ஆனா டன் கணக்கில் எடையுள்ள பாறையை எப்படி உடைக்கிறது? ராட்சத உருளைகளைச் செய்தார். வெறும் பொடி ஊதுலையில் பறந்துவிடும் என்றதும் அதைக் கட்டிகளாக அழுத்த வழி கண்டார். வருஷக்கணக்கில் வீட்டை விட்டு அந்த மலையிலேயே தங்கினார். பணம் பத்தாதபோது தன்னுடைய ஜெனரல் எலெக்ட்ரிக் பங்குகளையும் விற்றார். சுமார் 20 லட்சம் டாலர் அந்த மலைக்குள்ள போச்சு.

மெஷின் ஓடிச்சு. ஆனா மார்க்கெட் ஓடலை. மின்னசோட்டாவின் மெசாபி மலைத்தொடரில் தரமான தாது தரைக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. உடைக்கவும் வேண்டாம், காந்தமும் வேண்டாம், நீராவி மண்வெட்டியால் அள்ளினால் போதும். தாது விலை சரிஞ்சுது. 1900 வாக்கில் சுரங்கத்தை மூடினார். அப்போ அவருக்கு வயசு ஐம்பதைத் தாண்டியிருந்தது.

இங்கதான் கவனிங்க. அந்த உருளைத் தொழில்நுட்பத்தை அப்படியே சிமெண்ட்டுக்குக் கொண்டுபோனார். மற்றவர்களின் சூளை 60 அடி இருந்த காலத்தில் 150 அடி நீளச் சுழல் சூளையைக் கட்டினார். 1923-இல் திறந்த யாங்கி ஸ்டேடியம் எடிசன் சிமெண்ட்டில் எழுந்தது. சிமெண்ட்டிலும் அவர் பெரிசா லாபம் பார்த்துடலை, அதையும் சொல்லிடணும். ஆனா நீளமான சூளையை மத்த கம்பெனிகளும் எடுத்துக்கிட்டாங்க. 1931-இல் இறக்கும்வரை அவர் வேலையை நிறுத்தவும் இல்லை.

உங்க ப்ராஜெக்ட் ஊத்திக்கிட்டா, ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க. அதுல எந்த உருளை இன்னும் சுத்திக்கிட்டிருக்கு?