குட்டிச் சொல்லின் குறும்பைக் கண்டவர்

குட்டீஸ், ஜவ்வாது மலை மேல் காவலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான் உள்ளது. அங்கிருப்பவர்கள் இரவில் நட்சத்திரங்களைப் பார்க்கிறார்கள். சிறுகோள்களைத் தேடி, 1988இல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்றையும் கவனித்துக்கொள்கிறார்கள்.

பார்ப்பது, தேடுவது, கவனித்துக்கொள்வது... ஆங்கிலத்தில் சொல்லுங்கள் பார்ப்போம்! 'லுக் அட்', 'லுக் ஃபார்', 'லுக் ஆஃப்டர்'. மூன்றிலும் 'லுக்' ஒன்றுதான். பின்னால் வரும் குட்டிச் சொல் மாறியதும் பொருளே மாறிவிட்டது. 'ஆஃப்டர்' என்றால் 'பிறகு' என்று மனப்பாடம் செய்தவர், 'லுக் ஆஃப்டர்' என்பதற்குப் 'பிறகு பார்' என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டை விடுவார்!

இது பிற மொழிக்காரர்களைப் பாடாய்ப் படுத்தும் என்று 250 ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்தவர் ஓர் ஆங்கிலேயர். அவர்தான் சாமுவேல் ஜான்சன்.

1709 செப்டம்பர் 18இல் இங்கிலாந்தின் லிச்ஃபீல்டு நகரில் பிறந்தார். அப்பா புத்தகக் கடைக்காரர். குழந்தைப் பருவத்தில் வந்த நோயால் ஜான்சனுக்கு ஒரு கண் சரியாகத் தெரியாது. ஒரு காதும் சரியாகக் கேட்காது. ஆனால் கடையில் இருந்த புத்தகங்களை விட்டுவைக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கப் போனவரின் காலணி கிழிந்து விரல் தெரிந்தது. யாரோ இரக்கப்பட்டு அவர் அறை வாசலில் புதுக் காலணி வைக்க, ரோஷத்தோடு தூக்கி எறிந்தாராம்! பணமில்லாமல் படிப்பு பாதியில் நின்றது. பிறகு தொடங்கிய பள்ளிக்கூடத்தில் ஒரு சிலரே சேர்ந்தார்கள். அதையும் மூட வேண்டியதாயிற்று. 1737இல் லண்டனுக்குப் பிழைக்கப் போனார்.

1746இல் புத்தக வியாபாரிகள் சிலர், ஆங்கிலத்துக்குப் பெரிய அகராதி வேண்டும் என்று அவரிடம் ஒப்பந்தம் போட்டார்கள். மூன்றே ஆண்டுகளில் முடிப்பதாகச் சொன்னார். பிடித்ததோ ஒன்பது ஆண்டுகள்! இடையில், 1752இல் மனைவி இறந்துபோனார். மனம் உடைந்தாலும் வேலையை விடவில்லை.

அவர் வேலை செய்த விதம் வேடிக்கையானது. புத்தகங்களைப் படித்து, நல்ல வாக்கியம் வந்தால் அதிலுள்ள சொல்லின் கீழ் கோடு போடுவார். ஆறு உதவியாளர்கள் அதைத் தாளில் எழுதி வைப்பார்கள். (இரவல் கொடுத்தவர்கள் பாவம், கோடு போட்ட புத்தகம்தான் திரும்பி வரும்!) சொல்லைத் தனியாகப் பார்த்தால் போதாது, வாக்கியத்துக்குள் அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் முறை. அப்படிப் பார்த்ததால்தான் குட்டிச் சொற்களின் குறும்பு பிடிபட்டது. 'டேக்' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் 134 பொருள் எழுதினார்!

நம் தமிழிலும் இப்படி உண்டே. 'விட்டுக்கொடு' என்கிறோம். தம்பிக்கு ஜன்னலோர இருக்கையை விட்டுக்கொடுப்பது புரியும். பேச்சில் விட்டுக்கொடுக்கும்போது எதை விட்டோம், எதைக் கொடுத்தோம்?

அகராதி 1755 ஏப்ரல் 15இல் வெளிவந்தது. சுமார் 42 ஆயிரம் சொற்கள். முன்னுரையில் இந்தக் கூட்டுச் சொற்களைத் தனியாகக் குறிப்பிட்டு, மிகுந்த கவனத்துடன் சேர்த்திருப்பதாகச் சொன்னார். 'செட் அவுட்' என்றால் புறப்படுவது, 'டேக் ஆஃப்' என்றால் நகலெடுப்பது என்றெல்லாம் அதில் வருகிறது.

'டேக் ஆஃப்' என்றதும் உங்களுக்கு விமானம் கிளம்புவதுதானே நினைவுக்கு வருகிறது? 1784 டிசம்பர் 13இல் ஜான்சன் இறந்தபோது விமானமே கிடையாது. 'ஃப்ரேசல் வெர்ப்' என்று உங்கள் இலக்கணப் புத்தகத்தில் இருக்கும் பெயர்கூட 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது.