இராபர்ட் கிளைவ்

இராபர்ட் கிளைவ் (செப்டம்பர் 29, 1725 - நவம்பர் 22, 1774) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் படைத்தலைவரும் வங்காளத்தின் ஆளுநரும் ஆவார். பிளாசிப் போரால் பெரிதும் அறியப்படும் இவர், படைத்தலைவராகப் பெயர் பெற்றது ஆற்காட்டிலும் திருச்சிராப்பள்ளியிலுமே ஆகும். இவரைப் பல ஆண்டுகள் வருத்திய வயிற்று வலிக்குப் பித்தக் கற்களே காரணம் என வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர்.

இளமை

இங்கிலாந்தின் சுரோப்சயரில் பிறந்த கிளைவ், 1744 இல் கம்பனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். பின்னர் படையில் சேர்ந்தார். 1751 இல் ஆற்காட்டுக் கோட்டையைக் கைப்பற்றி, சிறு படையுடன் ஏறத்தாழ 50 நாட்கள் முற்றுகையைத் தாங்கினார்.

திருச்சிராப்பள்ளிப் போர்

அப்போது முகமது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் சந்தா சாகிபாலும் பிரெஞ்சுப் படையாலும் முற்றுகையிடப்பட்டிருந்தார். 1752 மார்ச்சில் இசுட்ரிங்கர் லாரன்சுடன் கிளைவ் அங்கு சென்றார். எதிரிகள் காவிரியைக் கடந்து திருவரங்கத் தீவுக்குப் பின்வாங்கினர். சந்தா சாகிபின் படை அரங்கநாதர் கோயிலிலும், சாக் லா தலைமையிலான பிரெஞ்சுப் படை திருவானைக்காவல் கோயிலிலும் தங்கின.

படையை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைக் கொள்ளிடத்தின் வடகரைக்கு அனுப்பினால் புதுச்சேரியிலிருந்து உதவி வராமல் தடுக்கலாம் என்பது கிளைவின் திட்டம். ஒரு பகுதி தோற்றிருந்தால் மற்றொன்றும் அழிந்திருக்கும், துணிவான திட்டம்தான். ஏப்ரலில் சமயபுரத்தில் ஓர் இரவு பிரெஞ்சுப் படை திடீரெனத் தாக்கியபோது கிளைவ் காயமுற்று, உயிர் தப்பினார். பின்பு திருவரங்கத்துக்கு எதிரே, ஆற்றின் வடகரையில் உள்ள பிச்சாண்டார்கோயிலும் வீழ்ந்தது. சூனில் சந்தா சாகிப் தஞ்சைப் படைத்தலைவர் மானோசியிடம் சரணடைந்து கொல்லப்பட்டார், லாவும் சரணடைந்தார். அப்போது கிளைவுக்கு வயது 26.

அதே ஆண்டில் கோவளம், செங்கல்பட்டுக் கோட்டைகளைக் கைப்பற்றிய பின் இவரது உடல்நிலை சீர்கெட்டது. 1753 பெப்ரவரியில் சென்னையில் மார்கரெட் மாசுகிலினை மணந்து, இங்கிலாந்து திரும்பினார்.

வங்காளம்

1757 சூன் 23 இல் பிளாசியில் வென்றார். 1765 இல் முகலாயப் பேரரசரிடமிருந்து வங்காளத்தின் வரி வசூலிக்கும் உரிமையான திவானியைப் பெற்றார். 1766 இன் இறுதியில் நோய் முற்றியதால், 1767 சனவரியில் இந்தியாவை விட்டு நீங்கினார்.

நோயும் மருத்துவமும்

பித்தப்பையில் உருவாகும் கல் பித்த நாளத்தை அடைக்கும்போது கடும் வலி உண்டாகும். அக்காலத்தில் பித்தப்பையை அகற்றும் அறுவை மருத்துவம் இல்லை. ஈதர் மயக்கமருந்து பொதுவில் செய்து காட்டப்பட்டது 1846 இல். பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றியது 1882 இல். கிளைவுக்குக் கிடைத்தவை அபினியும் பாத் நகரின் கனிம நீரூற்றுகளும் பிரான்சு போன்ற நாடுகளில் எடுத்துக்கொண்ட ஓய்வுமே. அபினி வலியைத் தணிக்குமே தவிரக் கல்லைக் கரைப்பதில்லை. குடலின் அசைவைக் குறைத்து மலச்சிக்கலை உண்டாக்கும். தொடர்ந்து உட்கொண்டால் அடிமைப்படுத்தும்.

பெரிய கல் பித்தப்பைச் சுவரை அரித்துக் குடலுக்குள் இறங்கி, அதனை அடைப்பதும் உண்டு. கிளைவ் பிறப்பதற்கு 71 ஆண்டுகளுக்கு முன், 1654 இல் தோமசு பார்த்தோலின் பிணக்கூற்றாய்வு ஒன்றின் மூலம் இதனை விவரித்தார். இன்றும் இவ்வடைப்புக்கு அறுவையே முதன்மை மருத்துவம். அதனைத் தாங்க இயலாதோருள் சிலருக்கு, கல் இருக்கும் இடத்தைப் பொறுத்து, அகநோக்கி வழியாகவோ அதிர்வலைகளாலோ கல் உடைக்கப்படுகிறது.

இறப்பு

இந்தியாவில் ஈட்டிய செல்வம் குறித்து நாடாளுமன்றம் விசாரித்தது. 1773 மே மாதத்தில், இவர் 234,000 பவுண்டு பெற்றதைக் குறிப்பிட்ட அவை, நாட்டுக்கு ஆற்றிய பணியையும் பாராட்டியது. 1774 நவம்பர் 22 இல் இலண்டன் இல்லத்தில் இறந்தார். தற்கொலை என்பதே பரவலான கருத்து. அளவு மீறிய அபினி என்பாரும் உளர். விசாரணையால் ஏற்பட்ட அவமானமே காரணம் என எளிதாகக் கூறுவதுண்டு. ஆனால் விசாரணை முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. வலியும் மனச்சோர்வும் நீங்கவில்லை.

இவரது உடல் மோர்ட்டன் சே தேவாலயத்தில் பெயர் பொறிக்கப்படாத கல்லறையில் புதைக்கப்பட்டது. திருச்சிராப்பள்ளித் தெப்பக்குளத்தருகே இவர் தங்கியதாகக் கூறப்படும் கட்டிடம், பின்னாளில் தூய வளனார் கல்லூரியின் மாணவர் விடுதியாகப் பயன்பட்டது.